மூச்சை மெதுவாக்கினால் உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஜூன் 21 நெருங்கினாலே மூச்சுப் பயிற்சி பற்றிய அறிவுரைகள் குவியத் தொடங்கிவிடும். 2014 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை அந்த நாளைச் சர்வதேச யோகா தினமாக அறிவித்ததிலிருந்து ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. ஒருவர், “மூச்சை ஆழமாக இழுங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் கூடும்” என்கிறார். இன்னொருவர், “அடக்கி வைப்பதில்தான் பலன் இருக்கிறது” என்கிறார். மூன்றாமவர் வயிற்றை எக்கி எக்கி வேகமாக ஊதித் தள்ளச் சொல்கிறார். மூன்றும் மூச்சுப் பயிற்சி என்ற ஒரே பெயரில் வருவதால், எதைச் செய்தாலும் ஒரே பலன்தான் என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்கிறார். உண்மையில் மெதுவான மூச்சும் வேகமான மூச்சும் உடலில் நேர் எதிரான வேலைகளைச் செய்பவை. ஒன்று ஆசுவாசப்படுத்தும், மற்றது உசுப்பிவிடும்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், பரவலாகச் சொல்லப்படும் ஒரு தவறான விளக்கம். மூச்சுப் பயிற்சியின் பலன் கூடுதல் ஆக்சிஜனால் வருகிறது என்பதே அது. பலன் உண்மைதான், காரணம் அதுவல்ல. காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் செய்முறையும் தவறாகிவிடும். பதற்றத்தில் இருப்பவரிடம் “நல்லா இழுத்து மூச்சு விடு” என்று சொல்லி, அவருடைய பதற்றத்தை மேலும் கூட்டிவிடுவது இந்தத் தவறிலிருந்து வருவதுதான். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குவோம்.

தானாகவும் நடக்கும், நாமாகவும் நடத்தலாம்

இரைப்பை சுரப்பதை நாம் நினைத்து நிறுத்த முடியாது. இதயத்துக்கும் நேரடியாக ஆணையிட முடியாது. இவற்றையெல்லாம் தன்னியக்க நரம்பு மண்டலம் நம்மைக் கேட்காமலே நடத்துகிறது. அதில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஓட, போராட, விழித்திருக்க உடலைத் தயார்செய்வது பரிவு நரம்பு மண்டலம். ஓய்வு, செரிமானம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கவனிப்பது துணைப்பரிவு நரம்பு மண்டலம்.

மூச்சு இந்த ஏற்பாட்டில் ஒரு விதிவிலக்கு. நாம் தூங்கும்போது அதை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம் நடத்துகிறது. பேசும்போது, பாடும்போது, நீரில் முங்கும்போது பெருமூளை அதைக் கையில் எடுத்துக்கொள்கிறது. தன்னியக்கமாக ஓடும் அடிப்படை இயக்கங்களில் நம் விருப்பத்துக்கு இவ்வளவு எளிதாக வளைந்து கொடுப்பது இது ஒன்றுதான். மூச்சின் வழியாக இதயத்தையும் மனத்தையும் எட்ட முடிவதற்கு இந்த இரட்டைத் தன்மையே காரணம்.

ஓய்வில் இருக்கும் வளர்ந்தவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். யோக, சித்தர் மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்குச் சொல்வார்கள். சிதம்பரம் பொற்கூரையின் ஓடுகள் 21,600 என்றும், அவை இந்தக் கணக்கைக் குறிப்பவை என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. ஒரு நாளின் 1,440 நிமிடங்களால் அந்த எண்ணை வகுத்தால் நிமிடத்துக்குச் சரியாக 15 வருகிறது. இன்றைய மருத்துவ நூல்கள் சொல்லும் எல்லைக்குள் அடங்கும் எண் அது. கருவிகள் எதுவுமில்லாமல் தம் உடலையே கவனித்தவர்களின் கூர்மை வியப்பளிக்கிறது.

மூச்சை உள்ளே இழுக்கும் வேலையில் பெரும்பங்கு உதரவிதானத்துடையது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருக்கும் தசை அது. சுருங்கும்போது கீழிறங்கித் தட்டையாகிறது, நுரையீரல் விரிகிறது, வயிறு சற்று முன்னால் வருகிறது. மூச்சை இழுக்கும்போது வயிற்றை உள்ளே எக்குவது சரியென்று பலர் நினைக்கிறார்கள். அது உதரவிதானத்தின் வழியை மறிப்பதாகும்.

ஆக்சிஜன் கணக்கு எங்கே தவறுகிறது?

2021இல் இரண்டாவது கொரோனா அலையின்போது ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்குள் வந்தது. விரல் நுனியில் மாட்டியதும் 97, 98 என்று காட்டியதைப் பார்த்திருப்போம். அந்த எண்ணின் பொருளைப் புரிந்துகொண்டால் ஆக்சிஜன் பற்றிய வாதம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

1. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதில் ஆக்சிஜன் ஏறக்கூடிய இடங்களில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் கருவி காட்டுகிறது. நலமாக இருப்பவருக்கு அது 95 முதல் 100 வரை.

2. அதாவது, சாதாரணமாக மூச்சு விடும்போதே ஏறக்குறைய எல்லா இடங்களும் நிரம்பிவிடுகின்றன. இன்னும் எவ்வளவு ஆழமாக இழுத்தாலும் ஏறுவதற்கு இடம் மிச்சமில்லை.

3. நாம் இழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. வெளியே விடும் காற்றிலும் சுமார் 16 விழுக்காடு அப்படியே திரும்பி வருகிறது. மயங்கிக் கிடப்பவரின் வாயில் வாய் வைத்து ஊதும் முதலுதவி பலிப்பதும் இதனால்தான். உள்ளே வருவதில் ஒரு பகுதியைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது.

4. அடுத்த மூச்சை எப்போது எடுக்க வேண்டும் என்று முகுளம் முடிவெடுப்பது பெரும்பாலும் கரியமில வாயுவின் அளவைப் பார்த்துத்தான். மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் நெஞ்சு தவிக்கிறதே, அந்தத் தவிப்பு ஆக்சிஜன் தீர்ந்ததற்கான அறிகுறி அல்ல. கரியமில வாயு சேர்ந்துவிட்டது என்ற அறிவிப்பு.

அப்படியானால் ஆழமான மூச்சுக்குப் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அது மெதுவான மூச்சோடு சேரும்போதுதான். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம்.

ஓய்வில் ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி காற்று உள்ளே போகிறது. அதில் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றிலேயே தங்கி, நுரையீரலின் நுண்ணறைகளை எட்டாமல் திரும்பிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த 150 மில்லி வீண்.

- நிமிடத்துக்கு 24 மூச்சு, ஒவ்வொன்றும் 250 மில்லி: மொத்தம் 6 லிட்டர். நுண்ணறைகளை எட்டுவது 24 × 100 = 2.4 லிட்டர்.
- நிமிடத்துக்கு 12 மூச்சு, ஒவ்வொன்றும் 500 மில்லி: மொத்தம் அதே 6 லிட்டர். எட்டுவது 12 × 350 = 4.2 லிட்டர்.
- நிமிடத்துக்கு 6 மூச்சு, ஒவ்வொன்றும் 1 லிட்டர்: மொத்தம் அதே 6 லிட்டர். எட்டுவது 6 × 850 = 5.1 லிட்டர்.

மூன்று பேரும் ஒரே அளவு காற்றைத்தான் இழுத்துத் தள்ளுகிறார்கள். மேலோட்டமாக இரைப்பவருக்குக் கிடைப்பது மெதுவாக விடுபவருக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. மெதுவான மூச்சு செலவைக் குறைத்து வரவைக் கூட்டுகிறது. ஆக்சிஜனை அளவுக்கு மேல் ஏற்றுவது அதன் வேலையல்ல.

வேகமாக இழுத்தால் என்ன ஆகும்?

கரியமில வாயுவை வெறும் கழிவு என்றே பள்ளியில் படித்திருக்கிறோம். அது அரைகுறைப் பாடம். ரத்தத்தில் அது குறிப்பிட்ட அளவில் இருந்தாக வேண்டும். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருப்பது இயல்பு. தேவையில்லாமல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடாது. கரியமில வாயுதான் வெளியேறிக் குறைந்துவிடும். அதன் விளைவுகள் அடுத்தடுத்து வரும்.

1. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நிமிடங்கள் பலமாக இரைத்தாலே மூளைக்கான ரத்த ஓட்டம் மூன்றில் ஒரு பங்குவரை குறையக்கூடும். தலை கிறுகிறுப்பதும் கண் மங்குவதும் இதனால்தான்.

2. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியம் அயனிகள் குறைகின்றன. விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மதமதப்பு வருகிறது. முற்றினால் கைவிரல்கள் குவிந்து இறுகிக்கொள்கின்றன.

3. ஹீமோகுளோபின் தன்னிடமுள்ள ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. கரியமில வாயுவுக்கும் இதற்கும் உள்ள தொடர்பை டென்மார்க்கின் கிறிஸ்டியான் போரும் அவருடைய சகாக்களும் 1904இல் காட்டினார்கள். இரைப்பவரின் ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்திருந்தாலும் அது திசுக்களுக்கு இறங்குவது கடினமாகிறது.

பீதித் தாக்கு வந்தவரை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது, “மூச்சே போகவில்லை” என்கிறார், கை மரத்துவிட்டது என்று பயப்படுகிறார், அந்தப் பயத்தில் இன்னும் வேகமாக இழுக்கிறார். ஆக்சிமீட்டரை மாட்டினால் 99 காட்டும். அவருக்குக் காற்று போதாமல் இல்லை, மிகுந்துவிட்டது. அந்த நேரத்தில் தேவை ஆழமான மூச்சு அல்ல, நீளமாக வெளியே விடும் மூச்சு. காகிதப் பையைப் பிடித்து அதற்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வழக்கத்தை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. மாரடைப்போ ஆஸ்துமாவோ அதே தோற்றத்தில் வரக்கூடும், அப்போது பை உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

இதயத்தோடு உள்ள தொடர்பு

இப்போது பலனின் உண்மையான காரணத்துக்கு வருவோம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக நாடியைத் தொட்டு, சற்று மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது. வெளியே விடும்போது துடிப்புகளின் இடைவெளி நீள்கிறது. இளையவர்களிடம் இது தெளிவாகத் தெரியும். வயது ஏற ஏற மங்கும். ஜெர்மானிய உடலியலாளர் கார்ல் லுட்விக் 1847இல் தாம் உருவாக்கிய வரைகருவியில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்தார். இது நோயல்ல. இதயமும் நரம்பும் நலமாக இருப்பதன் அறிகுறி.

இதை நடத்துவது வேகஸ் நரம்பு. மூளைத்தண்டிலிருந்து இறங்கிக் கழுத்து, நெஞ்சு, வயிறு வரை கிளைவிடும் பத்தாவது மண்டை நரம்பு அது. துணைப்பரிவு மண்டலத்தின் பெருவழி. இதயத்தின் மேல் அதன் வேலை பிரேக் போன்றது. இதயத்தின் இயல்பான சொந்த வேகம் நிமிடத்துக்குச் சுமார் 100 துடிப்பு. வேகஸ் இடைவிடாமல் பிடித்து வைத்திருப்பதால்தான் ஓய்வில் 70 அளவில் ஓடுகிறது. இதய மாற்று அறுவை சிகிச்சையில் இந்த நரம்பு அறுபட்டுவிடுகிறது. புதிய இதயம் பெற்றவர்களின் நாடி ஓய்விலும் 90க்கு மேல் ஓடுவது அதனால்தான்.

வேகஸ் இதை எப்படிச் செய்கிறது என்பதை ஓட்டோ லோவி 1921இல் தவளை இதயங்களைக் கொண்டு காட்டினார். ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், அது மெதுவாகியது. அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார். நரம்புத் தொடர்பே இல்லாத அந்த இதயமும் மெதுவாகியது. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே பேசுகிறது என்பது அதிலிருந்து உறுதியாயிற்று. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936இல் லோவிக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

மூச்சை இழுக்கும்போது வேகஸின் பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. எனவே வெளிமூச்சை நீட்டினால் இதயம் அந்தப் பிடியில் இருக்கும் நேரமும் நீள்கிறது. மனத்தை அடக்க முயன்று தோற்பவர்களுக்கு நான் இதையே முதலில் சொல்வேன். பதற்றமான எண்ணத்தை நேராக நிறுத்துவது மிகக் கடினம். வெளிமூச்சை நீட்டுவது யாருக்கும் கைகூடும்.

ஏன் நிமிடத்துக்கு ஆறு?

மெதுவான மூச்சு பற்றிப் படிக்கும்போது “நிமிடத்துக்கு 6” என்ற எண் திரும்பத் திரும்ப வரும். அதற்குக் காரணம் ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் ஏற்பாடு. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கின்றன, மூளைத்தண்டு இதயத்தை மெதுவாக்குகிறது, அழுத்தம் இறங்குகிறது. இறங்கினால் இதே வேலை எதிர்த்திசையில் நடக்கிறது. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ 10 நொடி ஆகிறது. மூச்சும் 10 நொடிக்கு ஒன்றாக வந்தால், மூச்சால் வரும் ஏற்ற இறக்கமும் அழுத்தத்தால் வரும் ஏற்ற இறக்கமும் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறுகின்றன. ஆளுக்கு ஆள் இந்த எண் சற்று மாறும், பெரும்பாலோருக்கு 4.5க்கும் 6.5க்கும் இடையில் அமைகிறது.

இதை எதிர்பாராத ஓர் இடத்தில் கண்டார்கள். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் சகாக்களும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வில், 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்ல வைத்தார்கள். பிறகு “ஓம் மணி பத்மே ஹூம்” என்ற மந்திரத்தைச் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது. ரத்த அழுத்த உணர்வேற்பிகள் கூடுதல் நுட்பத்துடன் வேலை செய்தன. மதம் வேறு, மொழி வேறு, மூச்சின் தாளம் ஒன்று. தேவாரத்தின் நீண்ட அடியை மூச்சு விடாமல் பாடி முடிப்பவரும் தம்மை அறியாமல் வெளிமூச்சை நீட்டத்தான் செய்கிறார்.

மூளையில் நடப்பது

மூச்சின் தாளத்தைப் பிறப்பிக்கும் சிறு நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் இருப்பதை 1991இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள். 2017இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வில், அந்தக் கூட்டத்துக்குள் இருந்த 175 அளவிலான நரம்பணுக்களை மட்டும் எலிகளிடம் நீக்கிப் பார்த்தார்கள். எலிகள் தொடர்ந்து மூச்சு விட்டன. ஆனால் வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டன. புதிய கூண்டில் விட்டால் பரபரவென்று மோப்பம் பிடிக்க வேண்டியவை, உட்கார்ந்து உடலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தன. அந்த நரம்பணுக்கள் மூச்சின் வேகத்தை மூளையின் விழிப்பு மையத்துக்குத் தெரிவிப்பவை. தகவல் போகாததால் விழிப்பு மையம் தூண்டப்படவில்லை. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் மூச்சுக்கும் மனநிலைக்கும் இடையே உடற்கூற்று வழியான பாதை ஒன்று இருப்பதற்கு இது வலுவான சான்று.

பெருமூச்சும் இங்கே குறிப்பிட வேண்டியது. துயரத்தில்தான் பெருமூச்சு வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் ஏறக்குறைய 5 நிமிடத்துக்கு ஒரு முறை நம்மை அறியாமல் பெருமூச்சு விடுகிறோம். நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளில் சில அவ்வப்போது ஒட்டிக்கொண்டுவிடும். அவற்றைத் திறப்பது பெருமூச்சின் வேலை.

ஆய்வுகள் எவ்வளவு தூரம் துணை நிற்கின்றன?

உடலியல் விளக்கம் ஒன்று. நோயாளிக்குப் பலன் கிடைத்ததா என்பது வேறொன்று. இங்கேதான் எழுதுபவர்கள் பெரும்பாலும் தமக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நான் முக்கியமென்று கருதும் நான்கு ஆய்வுகள் இவை.

1. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்டது. கடும் மனச்சோர்வுடன் மருத்துவமனையில் இருந்த 45 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மின்னதிர்ச்சி சிகிச்சை பெற்றவர்களில் 93 விழுக்காட்டினரும், இமிப்ரமின் மாத்திரை எடுத்தவர்களில் 73 விழுக்காட்டினரும், சுதர்சன கிரியா மூச்சுப் பயிற்சி செய்தவர்களில் 67 விழுக்காட்டினரும் நான்கு வாரத்தில் தேறினார்கள். ஊக்கமளிக்கும் முடிவுதான். ஆனால் ஒரு குழுவில் 15 பேர் மட்டுமே இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

2. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டது. நாளுக்கு 5 நிமிடம், ஒரு மாதம். நீண்ட வெளிமூச்சு கொண்ட பெருமூச்சுப் பயிற்சியில் மனநிலை, மனநிறைத் தியானத்தைவிடக் கூடுதலாக மேம்பட்டது. பதற்றம் எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தது.

3. அதே ஆண்டில் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த தொகுப்பாய்வு, அதாவது பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பது. மன அழுத்தம் பற்றிய 12 ஆய்வுகள், 785 பேர். பயிற்சியால் மன அழுத்தம் குறைந்தது. அளவு சிறியது முதல் நடுத்தரம் வரை.

4. அதே இதழில் அதே ஆண்டில் வந்த இன்னொன்றைத்தான் அனைவரும் படிக்க வேண்டும். 400 பேரில் ஒரு பாதிக்கு நிமிடத்துக்கு 5.5 மூச்சு, மறு பாதிக்கு நிமிடத்துக்கு 12 மூச்சு, அதாவது இயல்பான வேகம். நாளுக்கு 10 நிமிடம், நான்கு வாரம். இரு பக்கமும் மனநலம் மேம்பட்டது. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நான்காவது ஆய்வு மெதுவான மூச்சைப் பொய்யாக்கிவிடவில்லை. மெதுவான மூச்சு நாடியின் மேல் செய்யும் வேலை அளந்து பார்க்கப்பட்டது. ஆனால் வாரக்கணக்கில் வரும் மனநலப் பலனில், தினமும் சிறிது நேரம் ஓரிடத்தில் அமர்ந்து மூச்சைக் கவனிப்பதற்கும் பங்கு உண்டு என்பதை இது உணர்த்துகிறது. “சரியாக 5.5, இல்லையேல் பலனில்லை” என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்பவர்களை நம்பத் தேவையில்லை.

உடல்நோய்களில், ரத்த அழுத்தத்துக்கு மெதுவான மூச்சால் சில புள்ளிகள் இறங்கலாம். மாத்திரைக்கு அது மாற்று அல்ல. ஆஸ்துமா உள்ள பெரியவர்களின் வாழ்க்கைத் தரத்தை மூச்சுப் பயிற்சிகள் மேம்படுத்தக்கூடும் என்று 2020இல் வெளியான கோக்ரேன் தொகுப்பாய்வு கூறுகிறது. இன்ஹேலரை நிறுத்தலாம் என்று அது சொல்லவில்லை. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதும் முறையை மருத்துவமனைகளிலேயே கற்றுத் தருகிறார்கள். வெளிமூச்சின்போது மூச்சுக்குழாய்கள் ஒட்டிக்கொள்ளாமல் அது காக்கிறது.

செய்யும் முறை

1. நிமிர்ந்து உட்காருங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். வயிற்றின் மேலுள்ள கை முதலில் எழ வேண்டும்.

2. மூக்கால் இழுங்கள். மூக்கு காற்றை வடிகட்டி, ஈரமும் வெதுவெதுப்பும் ஏற்றி அனுப்புகிறது. முகத்தின் எலும்புக் குடைவுகளில் உருவாகும் நைட்ரிக் ஆக்சைடும் அந்தக் காற்றோடு சேர்ந்து போய், நுரையீரலின் ரத்தக் குழாய்களை விரிய வைக்கிறது.

3. நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வந்துவிடும். சிரமமாக இருந்தால் மூன்றும் நான்குமாகத் தொடங்கலாம்.

4. தலை சுற்றினால் நீங்கள் அதிகக் காற்றை இழுக்கிறீர்கள் என்று பொருள். வேகத்தைக் கூட்டாதீர்கள், ஆழத்தைக் குறையுங்கள். தொடங்குபவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான்.

5. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் போதும்.

திருமந்திரம் பூரகம் (இழுத்தல்), கும்பகம் (அடக்குதல்), ரேசகம் (விடுதல்) மூன்றுக்கும் 16, 64, 32 என்று மாத்திரைக் கணக்குச் சொல்கிறது. மாத்திரை என்பது இங்கே கால அளவு. இழுப்பதைப் போல் இரு மடங்கு நேரம் விட வேண்டும் என்பது அதிலேயே இருக்கிறது. இன்றைய ஆய்வுக்கூடம் நீண்ட வெளிமூச்சுக்குத் தரும் முக்கியத்துவத்தோடு அது ஒத்துப்போகிறது. ஆனால் 64 மாத்திரை அடக்குவது பல்லாண்டுப் பயிற்சியில், குருவின் மேற்பார்வையில் வந்த ஒன்று. காணொளி பார்த்து மறுநாள் காலையில் செய்ய வேண்டியதல்ல.

யார் எதைத் தவிர்க்க வேண்டும்?

மெதுவான மூச்சால் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகளும் நீண்ட கும்பகமும் வேறு வகை. உயர் ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு நோய், குடலிறக்கம் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இவற்றை மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. கபாலபாதி செய்த 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலிலிருந்து காற்று கசிந்து மார்புக்கூட்டில் சேர்ந்ததை 2004இல் ஒரு மருத்துவ இதழ் பதிவுசெய்திருக்கிறது. அரிதுதான், ஆனால் வேகப் பயிற்சியை மேற்பார்வையில்லாமல் செய்யக் கூடாது என்பதற்கு அது போதுமான காரணம். பழைய மன வடுக்கள் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கிளப்பும். அவர்கள் கண்ணைத் திறந்து வைத்தபடி சிறிது நேரம் மட்டும் செய்யலாம், ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது நீர்நிலை பற்றியது. கிணற்றிலும் குளத்திலும் யார் அதிக நேரம் முங்கிக் கிடப்பது என்று சிறுவர்கள் பந்தயம் கட்டுவார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்பது அவர்கள் கண்டறிந்த தந்திரம். அது பலிப்பது ஆக்சிஜன் கூடுவதால் அல்ல. கரியமில வாயு குறைந்துபோவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கை தாமதமாக வருகிறது. எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, தவிப்பே இல்லாமல் நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் குளத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

மூச்சுத் திணறலுக்குப் பயிற்சி மருந்தல்ல

2020இல் கொரோனா பரவத் தொடங்கியபோது, “10 நொடி மூச்சை அடக்க முடிந்தால் உங்களுக்குத் தொற்று இல்லை” என்ற செய்தி கைப்பேசிகளில் சுற்றியது. அது தவறு என்று உலக சுகாதார நிறுவனம் வெளிப்படையாக மறுத்தது. நுரையீரலில் தொற்று உள்ளவர்களும் 10 நொடி அடக்க முடியும். ஆக்சிஜன் குறைந்திருந்தும் பெரிய தவிப்பு இல்லாமல் பேசிக்கொண்டிருந்த கொரோனா நோயாளிகளை மருத்துவர்கள் பார்த்தார்கள். மூச்சுத் தவிப்பைப் பெரும்பாலும் தூண்டுவது கரியமில வாயு என்பதை நினைவில் கொண்டால் இதில் புதிர் இல்லை.

எனவே, படியேறும்போது முன்பு இல்லாத இரைப்பு புதிதாக வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, கால் வீங்கினாலோ மூச்சுப் பயிற்சியைத் தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறலோடு நெஞ்சு வலி, உதடு நீலம் பாய்வது, பேச்சுக் குழறல், குழப்பம் ஆகியவற்றில் எதுவாவது சேர்ந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியை வற்புறுத்திப் படுக்க வைக்காமல் சாய்ந்து உட்காரச் செய்து, கழுத்துப் பொத்தானையும் இடுப்புக் கட்டையும் தளர்த்திவிட்டு, அருகிலேயே இருங்கள்.